அரக்கு மார்ட்டினி

என் கணவருக்கு நாற்பத்தாறு வயதில் வந்த வியாதியின் பெயர் மார்ட்டினி. சர்க்கரை வரும், பிரஷர் வரும் என்று நானும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வந்ததோ இது. இதற்கு மாத்திரையும் கிடையாது, பத்தியமும் கிடையாது.

தொற்றிய இடம் கம்பெனி பஸ். ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவருக்குத் தரப் பரிசோதனை வேலை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், வழியெல்லாம் கைப்பேசியில் வீடியோ. மற்றவர்கள் அரசியல் பார்ப்பார்கள், சமையல் பார்ப்பார்கள். இவர் ஒரு வெள்ளைக்காரன் ஏதோ ஒரு செடியைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி, கண்ணாடிக் கோப்பையில் போடுவதைப் பார்த்திருக்கிறார். இலை தூங்கிக்கொண்டிருக்குமாம், தட்டி எழுப்பினால்தான் வாசனை வருமாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்குகிற இந்த மனுஷனை எழுப்ப இப்படி ஒரு வழி இருப்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அவர் குடிகாரர் இல்லை. வருஷத்தில் நாலு நாள் கல்யாண வீட்டு மொட்டை மாடியிலிருந்து, வாய் நிறைய பாக்கைப் போட்டுக்கொண்டு, எனக்குத் தெரியாது என்ற நம்பிக்கையோடு இறங்கி வருவார். அவ்வளவுதான். அதனால் எங்கள் சண்டை குடியைப் பற்றியது அல்ல. அதை அவர் கலை என்று சொன்னதைப் பற்றியது.

துபாயில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகன் ஊருக்கு வந்தபோது இரண்டு ஜின் பாட்டிலும் ஒரு வெள்ளை ஒயின் பாட்டிலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். குலுக்குகிற எவர்சில்வர் குவளை ஆன்லைனில் வந்தது. மார்ட்டினிக் கோப்பைகள் மூன்று வந்தன, ஒன்று வரும்போதே உடைந்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றும் புனலுக்குக் கால் வைத்தது போல இருக்கும் அந்தக் கோப்பை. அதில் ஊற்றினால் பாதி சட்டையில்தான் சேரும். இதற்கா இத்தனை விலை என்று கேட்டதற்கு, உனக்கு ரசனை போதாது என்றார். அளக்க மட்டும் இருமல் மருந்து மூடியே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

முதலில் துளசியில் கை வைக்கப் பார்த்தார்.

“துளசி, வில்வம் ரெண்டுத்தையும் தொடக் கூடாது. தொட்டீங்கன்னா நான் கோச்சிக்கினு எங்கயும் போவ மாட்டேன். இது எங்க அப்பா வூடு. நீங்கதான் போவணும்” என்றேன்.

சரி என்று கற்பூரவல்லிக்குப் போனார். சளி மருந்து மாதிரி இருந்தது. புதினாவும் கொத்தமல்லியும் போட்டார். தோசை ஊற்றட்டுமா என்று கேட்டேன். வெட்டிவேரை ஊற வைத்தார். வெயில் காலத்தில் ஜன்னலில் நனைத்துக் கட்டுகிற தட்டியை நக்கின மாதிரி இருக்குது என்று அவரே ஒப்புக்கொண்டார். மார்ட்டினிக்கு வெர்மூத் என்று ஒரு கசப்பு ஒயின் வேண்டுமாம். அரசாங்கக் கடையில் போய்க் கேட்டிருக்கிறார். “அது எந்தக் கம்பெனி குவாட்டர்பா?” என்று பதில் வந்ததாம். உடனே நம்மவர் துபாய் ஒயினில் நிலவேம்பைப் போட்டுத் தானே ஒரு வெர்மூத் தயாரித்துவிட்டார். காய்ச்சல் காலத்தில் தெருமுனையில் வைத்து ஊருக்கே இலவசமாக ஊற்றினார்களே, அந்தக் கஷாயத்தை ஒயினில் போட்டுக் குடிக்க ஒரு மனுஷனுக்கு எவ்வளவு பொழுது போகாமல் இருக்க வேண்டும். ஆலிவ் காய்க்கு பதில் வடுமாங்காய். அதையும் என் ஜாடியிலிருந்துதான் எடுத்தார்.

கடைசியில் சிக்கியது தவனம். கோயில் வாசலில் பூ விற்கிறவர்கள் மாலையில் இடையிடையே வைத்துக் கட்டுவார்களே, சாம்பல் பூத்த பச்சையில் மெல்லிய இலை. ஒரு கட்டு வாங்கி வந்து ஜின்னில் ஒரு நாள் ஊறப் போட்டார். மறுநாள் உள்ளங்கையைக் குவித்து அதில் இரண்டு சொட்டு விட்டு உறிஞ்சிப் பார்த்தார். உறிஞ்சினவர், ஈரக் கையை அப்படியே தலையில் தடவிக்கொண்டார்.

“இன்னாங்க, சடாரியும் வைக்கணுமா?” என்றேன்.

பாவம், அவர் வேண்டுமென்று செய்யவில்லை. சின்ன வயதிலிருந்து பெருமாள் கோயிலில் தீர்த்தம் வாங்கிய கை. சாமி மாலை வாசனை வந்ததும் அதுபாட்டுக்குத் தலைக்குப் போய்விட்டது. நாங்கள் சிவன் கோயில் பக்கத்து ஆட்கள்தான், ஆனால் சிவனும் பெருமாளும் தெருவுக்குத் தெரு இருக்கிற இந்த ஊரில் யார் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் கோபித்துக்கொள்ளாமல், “வாசனை கரெக்டா வந்திருக்குது, அதான் அர்த்தம்” என்றார்.

அடுத்த பிரச்சினை வடிகட்டுவது. மார்ட்டினி கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், ஒரு தூசு மிதந்தாலும் அது மார்ட்டினி இல்லை என்று வீடியோக்காரன் சொல்லிவிட்டான். டீ வடிகட்டியில் இலைத் துகள் இறங்கியது. வேட்டித் துணியில் வடிகட்டுங்கள் என்றேன். என்னை ஏதோ ஒன்றும் தெரியாத குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பருத்தியில் கஞ்சி இருக்கும், கலங்கும் என்றார். பட்டில் கஞ்சி கிடையாது, பட்டுதான் சுத்தம், மடி. சாமி காரியத்துக்கே பட்டைத்தான் கட்டுகிறோம் என்று நியாயம் பேசினார். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்காவது சாராயம் வடிகட்டும்போது மடி ஞாபகம் வந்திருக்குமா என்று தெரியவில்லை. என் பட்டறையில் கிடந்த சாயம் போடாத வெள்ளைப் பட்டுத் துண்டு ஒன்றை எடுத்து வடிகட்டினார். கண்ணாடி மாதிரிதான் இறங்கியது. நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

பட்டறை என்று சொன்னேனே, அது என்னுடையது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சாயப்பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவது என் தொழில். அந்த நூலைத் தெரிந்த நாலு தறிகளில் கொடுத்து நெய்து, புடவையாக வெளியூர்க் கடைகளுக்கும் அனுப்புகிறேன். என் சாயம் போகாது. இதை நான் மெதுவாகச் சொல்கிற ஆள் இல்லை. கடைக்காரர்களிடம் சொல்வேன், சொந்தக்காரர்களிடம் சொல்வேன், கல்யாணத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பவர் கேட்காவிட்டாலும் சொல்வேன். தண்ணீரில் போட்டு எடு, வேர்வையில் ஊறட்டும், என்னவோ செய், போகாது. இருபது வருஷமாக அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் பட்டறை நடக்கிறது. சாயத்தில் பெயர் கெட்டால் அப்புறம் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், நூல் வருவது நின்றுவிடும்.

அந்த வருஷம் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், முடியை ஒட்ட வெட்டி நரையை அப்படியே விட்டிருப்பார். புதிதாகக் கடை திறக்கிறார். கல்யாணக் காலத்துக்கு அரக்கு நிறத்தில் மட்டும் அறுபது புடவை வேண்டும் என்றார். எனக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர். முதல் தடவை வந்தபோது பேச்சோடு பேச்சாக, “உங்க ஊர்ல சாயங்காலமானா கோயிலை விட்டா ஒண்ணுமே இல்லையே. ஒரு நல்ல மார்ட்டினிகூட கிடைக்காது போல” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சும்மா சொன்னார். காப்பி டம்ளரை எடுக்க வந்த என் கணவர் அதைக் கேட்டார். அவர் முகத்தில் நான் கண்ட வெளிச்சத்தை எங்கள் நிச்சயதார்த்தத்தில்கூடக் கண்டதில்லை.

அடுத்து அந்த அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. அரக்கு நூலில் ஒரு சின்னத் துண்டு நெய்து காட்ட வேண்டும், பார்த்துவிட்டு முடிவு சொல்வார். அந்த வாரம் பார்த்து மழை. மூன்று நாள் விடாமல் பெய்தது. நூல் காய வழியில்லை, தறிக்காரர் போன் மேல் போன் போடுகிறார். பட்டறையில் என்னோடு வேலை செய்கிற பாய், அண்டாவிலிருந்து அலசல் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். நூலில் ஒட்டாத சாயமெல்லாம் போய்த் தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும்.

“இன்னும் கலங்கலாத்தான் இருக்குதும்மா. இன்னொரு தபா அலசிடலாம்” என்றார்.

“போதும் பாய். தறிக்காரர் காத்துக்கினு இருக்கார்.”

“உங்க இஷ்டம்மா” என்றார். அப்படி அவர் சொன்னால் அது அவருக்கு இஷ்டமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் நூலை எடுத்துக் காயப் போட்டேன்.

துண்டு நெய்து வந்தது. ஈர வெள்ளைத் துணியை வைத்து அழுத்தித் தேய்த்தேன். ஒரு பொட்டு இறங்கவில்லை. பார்த்தியா, பாய்க்கு எப்போதும் பயம்தான் என்று நினைத்துக்கொண்டு துண்டை மேஜைமேல் வைத்தேன். இவரிடமும் காட்டி, “பாருங்க, உங்க கம்பெனி டெஸ்ட் எல்லாம் பண்ணிப் பாருங்க. போவாது” என்று பீற்றிக்கொண்டேன்.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கே இவர் சமையலறையைக் கைப்பற்றிவிட்டார். கம்பெனியில் போடுகிற சட்டை, சீவின தலை. நான் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் பெங்களூர் அம்மா வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இவர் தட்டில் இரண்டு கோப்பையும் எவர்சில்வர் குவளையும் ஏந்திக்கொண்டு வந்தார். கோப்பையில் விருந்தாளி கண்முன்னால்தான் ஊற்ற வேண்டுமாம், அதுவும் வீடியோ உபயம். குவளையைக் காதுக்குப் பக்கத்தில் தூக்கிக் குலுக்கினார். நான் மோர் டம்ளரோடு ஓரமாக உட்கார்ந்து, நாளைக்கு இதை எப்படிச் சொல்லிக் கேலி செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஊற்றினார். சிவப்பாக இறங்கியது.

ரத்தச் சிவப்பு இல்லை. தண்ணீர் சேர்ந்த இளஞ்சிவப்பு. ஆனால் அது எந்தச் சிவப்பின் அடிநிறம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அண்டாவில் நான் தினமும் பார்க்கிற நிறம். இவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவரும் வேலையில் நாளெல்லாம் குறை கண்டுபிடிக்கிறவர்தானே. ஒரு நொடியில் புரிந்துகொண்டார்.

“அட, பிங்க் மார்ட்டினி. ரோஜாவா?” என்று அந்த அம்மா கோப்பையைக் கையில் எடுத்தார்.

சாயத்தைக் குடிக்கப் போகிறார், சொல்ல வேண்டும். சொன்னால் என் சாயம் போகும் என்று நானே சொன்னதாக ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே நான் மோர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

இவர் எட்டி, அவர் கையிலிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டார்.

“குடிக்காதீங்க மேடம். பீட்ரூட் ஜூஸ் வச்ச பாத்திரத்துல கழுவாம ஊத்திட்டேன். பழைய ஜூஸ். கெட்டுப் போயிருக்கும், என் தப்பு.”

எங்கள் வீட்டில் பீட்ரூட் வாங்கி ஆறு மாதம் இருக்கும்.

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். “உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலையெல்லாம்? ஃபில்டர் காப்பி போடுங்க, அது போதும் உங்க ஊருக்கு” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “எப்படிம்மா இவரை வச்சு சமாளிக்கறீங்க?” என்றார். நானும் சிரித்தேன். இவரும் கூடச் சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மாதக் கணக்கில் நான் செய்த கேலியெல்லாம் கேலியே இல்லை. அந்தச் சிரிப்புதான் அவரை நான் நிஜமாகவே அவமானப்படுத்தியது.

“சரி, அரக்கு பீஸ் எங்க? அதைப் பார்க்கத்தானே வந்தேன்” என்றார் அந்த அம்மா.

மேஜையில் துண்டு இல்லை. சமையலறைக்குப் போனேன். தொட்டியில் இவர் அதைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்த தண்ணீரெல்லாம் சிவப்பு.

“இத்த ஏன் எடுத்தீங்க?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். “அந்த வெள்ளைத் துணி இன்னாச்சு?”

“அதுல நிலவேம்பு கறை. மேடத்துக்குக் குடுக்கறதுக்குப் புதுத் துணியா இருக்கட்டுமேன்னு... நேரா குவளையிலயே வடிகட்டினேனா, நிறம் தெரியல” என்றார். சொல்லிவிட்டு ஒரு விநாடி கழித்து, குற்றம் சொல்லாமல் சாதாரணமாக, “நீதானம்மா சொன்ன, இன்னா பண்ணாலும் போவாதுன்னு” என்றார்.

ஊருக்கெல்லாம் நான் அடித்த தம்பட்டத்தை அட்சரம் பிசகாமல் நம்பிய ஒரே ஆள் இந்த மனுஷன்தான்.

அவர் குரலை இறக்கினார். “போன மாசத்து அரக்குத் துண்டு ஒண்ணு பீரோவுல இருக்குதுல்ல, அதக் காட்டு. ஒரே நிறம்தானே. இந்த நூல அப்புறம் அலசிக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?”

உண்மைதான், யாருக்கும் தெரியாது. போன மாதத்துத் துண்டை ஜின்னில் என்ன, ஆசிடில் முக்கினாலும் போகாது. பீரோ சாவி என் இடுப்பில்தான் இருந்தது. சாவியில் கை வைத்துக்கொண்டு நான் நின்றது அரை நிமிஷம் இருக்கும். கூடத்திலிருந்து அந்த அம்மா போனில் யாரிடமோ, “அந்த ஆள் பீட்ரூட்டைக் கொட்டி மார்ட்டினி பண்ணான்பா” என்று சொல்லிச் சிரிப்பது கேட்டது. எனக்குச் சுரீர் என்றது. ஈரத் துண்டை இவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

“பீட்ரூட் இல்லீங்க. அவர் எந்தத் தப்பும் பண்ணல. இந்தத் துணியிலதான் வடிகட்டினாரு. அது என் சாயம்” என்றேன்.

அவர் போனை வைத்தார். துண்டை வாங்கி, தன் வெள்ளைக் கைக்குட்டையை அதன்மேல் வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். சிவப்பு.

“தண்ணியில போகுமா?”

“தண்ணியில போவல. இதுல போவுது. இன்னொரு தபா அலசியிருந்தா இதுலயும் போயிருக்காது. மழை, நீங்க வர்றீங்கன்னு நான் அவசரப்பட்டுட்டேன்.”

“எங்க பக்கத்துக் கல்யாணத்துல புடவை மேல வெறும் தண்ணி மட்டுமா கொட்டுது? இந்த மாதிரி டிரிங்க்ஸும்தானே” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அதிகமாக உறைத்தது. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அரக்குப் புடவை அறுபதும் வேறொரு பட்டறைக்குப் போயிற்று. எனக்குப் பன்னிரண்டு பச்சை மட்டும் கொடுத்தார், அதுவும் இரண்டு வாரம் கழித்துப் போனில். அந்த அரக்கு நூல் முழுவதையும் மறுநாள் காலையிலேயே பிரித்துப் போட்டு மறுபடியும் அலசினோம். விஷயத்தைச் சொன்னபோது பாய், “தவ்பா, பட்டறையில சாராயமா” என்று காதைத் தொட்டுக்கொண்டார். நான் சொன்னேனே என்று மட்டும் அவர் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு நூலும் ஜின்னில் தேய்த்துப் பார்த்த பிறகுதான் வெளியே போகிறது. தேய்ப்பது நான்தான், பாய் பாட்டிலைத் தொடமாட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்குச் சாயங்காலத்தைப் பற்றி. கார் கிளம்பிப் போனதும் இவர் கத்தினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கத்தி நான் கேட்டது இரண்டாவதோ மூன்றாவதோ தடவை.

“நான்தான் சமாளிச்சிட்டேன்ல. ஒழுங்கா போயிக்கினு இருந்தது. உன் வாய் ஏன் சும்மா இருக்க மாட்டேங்குது? எனக்கு மார்ட்டினி போட வரலன்னு நாலு பேர் சிரிச்சா எனக்கு இன்னா கொறஞ்சிடும்? உன் பேரு போச்சுன்னா பட்டறை போச்சு. அது உனக்குத் தெரியாதா?”

தெரியும் என்றேன். அழுகை வந்தது. முகம் கழுவுகிற சாக்கில் அதை முடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது அவர் பாட்டிலில் மிச்சமிருந்த தவன ஜின்னை டீ வடிகட்டியில் வடிகட்டிக்கொண்டிருந்தார். மருந்து மூடியால் அளந்தார். நிலவேம்பு ஒயினைச் சேர்த்தார். குலுக்கினார், இந்தத் தடவை காதுக்குப் பக்கத்தில் தூக்காமல். ஒரு கோப்பையில் ஊற்றி, வடுமாங்காய் ஒன்றைப் போட்டு, தான் குடிக்கப் போகிறவர் போல எதிரில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இலைத் துகள் நாலைந்து மிதந்தது.

நான் அந்தக் கோப்பையை என் பக்கம் இழுத்தேன். வாழ்க்கையில் அதற்கு முன்னால் நான் இதைத் தொட்டதில்லை. ஒரு வாய் குடித்தேன். காய்ச்சலில் குடித்த கஷாயமும், உதிர்ந்த சாமி மாலையும், ஊறுகாய்த் தண்ணீரும் ஒன்றாகத் தொண்டையில் எரிந்துகொண்டு இறங்கின. நிறுத்தாமல் குடித்து முடித்து, வடுமாங்காயையும் கடித்துத் தின்று, கொட்டையைக் கோப்பையில் போட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் இருக்குது” என்றேன்.

அன்றைக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.